நெல்லையில் ப்ரமோட்டர் ஆகணுமா? முதல்ல எஃப்.எம்.பி. படிங்க!

கங்கைகொண்டானில் இருந்து ரெட்டியார்பட்டி வரை நான்குவழிச்சாலையில் ஒருமுறை வண்டியில் வந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஆர்ச், கலர் கொடி, வெள்ளையடித்த எல்லைக்கல், "சில மனைகளே உள்ளன" என்று போர்டு. பார்க்கிறவருக்கு இந்தத் தொழில் ரொம்ப ஈஸியாகத் தெரியும். ஏக்கரில் வாங்கு, சென்ட்டில் வில், வெள்ளைச் சட்டை போடு, வெள்ளை கார் வாங்கு.

வாங்குவதற்கும் விற்பதற்கும் நடுவே ஒன்றரை, இரண்டு வருஷம் ஓடுகிறது. அது போர்டில் வராது. பணம் சம்பாதிப்பதும் தொலைப்பதும் அந்த இடைவெளியில்தான். சிக்கல் இல்லாத நிலத்துக்கு எல்லாருக்கும் ஒரே ரேட். வாரிசுத் தகராறு, சர்வே குழப்பம், பாதைப் பிரச்சினை என்று நாலு பேர் வேண்டாமென்று விட்ட நிலம் மலிவாகக் கிடைக்கும். எந்தச் சிக்கல் அவிழும், எது அவிழாது என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தெரிந்தவருக்குத்தான் மார்ஜின். இந்தக் கட்டுரை அந்தத் திறமையை எப்படி வளர்ப்பது என்பதைப் பற்றி.

1. முதல் வேலையை எங்கே பிடிப்பது?

சேல்ஸில் நுழையாதீர்கள். கமிஷன் சீக்கிரம் கைக்கு வரும், உண்மைதான். ஆனால் மூன்று வருஷம் சைட்டுக்கு ஆள் கூட்டிப்போய்க் காட்டியவருக்கு, சைட்டுக்கு ஆள் கூட்டிப்போக மட்டும்தான் தெரியும். பத்திர எழுத்தர் ஆபீஸ், சொத்து வழக்குப் பார்க்கும் வக்கீல் ஆபீஸ், லைசென்ஸ் சர்வேயர், ஏற்கெனவே நாலைந்து லேஅவுட் முடித்த ப்ரமோட்டரின் டாக்குமென்ட் செக்‌ஷன்: இவற்றில் ஒன்றில் உட்காருங்கள். சம்பளம் கம்மியாக இருக்கும். பேரம் பேசாதீர்கள். அங்கே தினமும் கண்ணில் படும் காகிதம்தான் உங்கள் சம்பளம்.

முதலாளியைத் தேர்ந்தெடுக்க ஒரு கேள்வி போதும்: "போன வருஷம் நீங்க வேண்டாம்னு விட்ட நிலம் எது, ஏன்?" டக்கென்று பதில் சொல்பவரிடம் சேருங்கள். "நாங்க எதையும் விட்டதே இல்ல தம்பி" என்று சிரிப்பவரிடம் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

சேல்ஸை அதன்பிறகு கற்றுக்கொள்ளலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான ப்ராஜெக்டில் கமிஷனுக்கு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டும் ரெராவில் பதிய வேண்டும். பழைய கால "புரோக்கர்" அடையாளத்தோடு இனி ரொம்ப தூரம் போக முடியாது.

2. பத்திரம் படிப்பதுதான் கோர் ஸ்கில்

இதற்குக் குறுக்குவழி கிடையாது. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, 'அ' பதிவேடு, எஃப்.எம்.பி. எனப்படும் புல வரைபடம்: இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நிலத்தைத்தான் ஐந்தும் சொல்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் நான்கு ஒன்று சொல்லும், ஐந்தாவது வேறு சொல்லும். வேலை அங்கே ஆரம்பிக்கிறது.

பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட், பட்டாவில் 1 ஏக்கர் 12 சென்ட் என்று இருந்தால் பயப்படாதீர்கள், அவசரமும் படாதீர்கள். 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பெயர் மாறியது, உட்பிரிவு மாறியது, பரப்பு கூடிக் குறைந்தது என்று அதில் விழுந்த பிழைகள் இன்றைக்கும் பட்டாவில் உட்கார்ந்திருக்கின்றன. யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டை எடுத்துப் பார்க்காமல் வெறும் கம்ப்யூட்டர் பட்டாவை நம்பி அட்வான்ஸ் கொடுப்பவர் பணத்தோடு சூதாடுகிறார். வில்லங்கமும் அப்படித்தான். ஆன்லைனில் பொதுவாக 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தியதை மனு போட்டுக் கையால் தேட வேண்டும். போட்டியாளர் சோம்பல்படும் இடம் இது. நீங்கள் சோம்பல்படாதீர்கள்.

அடுத்தது ஆட்கள். நம்மூரில் நிலத்துக்காரரோடு பேச்சு எப்படிப் போகும் என்று தெரியும்தானே.

"எல்லாம் கிளியரா இருக்கு அண்ணாச்சி. தாத்தா வாங்குன சொத்து. அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரிச்சாச்சு."

"தாத்தாவுக்குப் பொம்பளப் பிள்ளைய உண்டா?"

"ரெண்டு அத்தை பம்பாய்ல இருக்காவ. அவியளுக்கு அப்பவே நகை, சீரெல்லாம் செஞ்சாச்சுல்லா."

இந்த "செஞ்சாச்சுல்லா"வைக் கேட்டதும் பேனாவை மூடிவிடுங்கள். சீர் செய்தது குடும்பக் கணக்கில் சரி. சட்டக் கணக்கில் வராது. தாத்தா உயில் எழுதாமல் போயிருந்தால், அவர் சம்பாதித்த சொத்தில் மகள்களுக்கு 1956 இந்து வாரிசுச் சட்டப்படியே பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989இல் மணமாகாத மகள்களுக்கும், மத்திய அரசு 2005இல் எல்லா மகள்களுக்கும் சம பங்கு கொடுத்தன. 2020இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் இதுபற்றி இருந்த சந்தேகத்தையும் தீர்த்துவிட்டது. ஆகவே அந்த இரண்டு அத்தைகளின் விடுதலைப் பத்திரம் உங்கள் ஃபைலில் வந்தால்தான் நிலம் வரும்.

செய்ய வேண்டியது இது: டிக்கெட் எடுத்துக் கொடுத்து அத்தைகளை ஊருக்கு வரவழையுங்கள், நீங்களே நேரில் பேசுங்கள். அவர்களுக்கு ஒரு தொகை சேரும்படி நிலத்துக்காரரிடம் முதலிலேயே ஒப்புக்கொள்ள வையுங்கள். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். "இவ்வளவு நாளும் ஒருத்தனும் எங்களக் கேக்கல" என்று மனத்தாங்கலில் இருப்பவர்கள் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் கையெழுத்துப் போடுவார்கள். கேட்காமல் விட்டால், லேஅவுட்டில் பாதி விற்ற பிறகு வக்கீல் நோட்டீஸ் வரும்.

சில சிக்கல்கள் அவிழாது. கோயில் நிலம், வக்ஃப் நிலம், பஞ்சமி நிலம், நீர்நிலைப் புறம்போக்கு: இந்த நான்கையும் தொடாதீர்கள். தாமிரபரணிப் பாசனத்தில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் தலைமுறை தலைமுறையாக நஞ்சை எழுதிவைத்திருக்கிறார்கள். இனாம், கட்டளை, ஊழியம் என்ற சொற்கள் பழைய பத்திரத்தில் எங்காவது தலைகாட்டினால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஒதுங்குங்கள். அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை விற்க முடியாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு சார்பதிவாளரின் கையையும் கட்டிவைத்திருக்கிறது. "மேலிடத்துல பேசிக்கலாம்" என்பவரை நம்பி மாட்டிக்கொண்டால், கடைசியில் மேலிடம் தப்பித்துக்கொள்ளும், கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் நிற்பீர்கள்.

3. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள்

சென்னையில் ட்ரெயினிங் எடுத்துவிட்டு இங்கே வந்து லேஅவுட் போடுபவர்கள் சறுக்குவது இதில்தான். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். அரியநாயகிபுரத்தில் இருந்து கோடகன் கால்வாய், பழவூரில் இருந்து பாளையங்கால்வாய், சுத்தமல்லியில் இருந்து நெல்லைக் கால்வாய் என்று ஊரைச் சுற்றி நரம்பு நரம்பாகக் கால்வாய். ஒவ்வொரு கால்வாய்க்கும் கீழே குளங்கள், ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்கு. கார், பிசானம் என்று இரண்டு போகத்துக்கும் தண்ணீர் எப்போது, எந்த மடையில் திறக்கும் என்பது உள்ளூர் விவசாயிக்கு மனப்பாடம். உங்களுக்கும் ஆக வேண்டும்.

முதல் விஷயம், நஞ்சை. நஞ்சையை மனையாக்க நில உபயோக மாற்றம், வேளாண்மைத் துறையின் கருத்து, தண்ணீர் தேங்குமா என்பதற்கு நீர்வளத் துறையின் சான்று என்று ஃபைல் நீளும். பேட்டை, சுத்தமல்லி, மேலச்செவல் பக்கம் பச்சைப்பசேலென்று இருக்கும் நிலம் கண்ணுக்கு அழகு, கடன் வாங்கியவருக்கு ஆபத்து. முதல் ப்ராஜெக்டுக்குப் புஞ்சை போதும். (இரண்டு போகம் விளையும் நிலத்தில் கல் ஊன்றுவது சரியா என்பது வேறு கேள்வி. என் கருத்தைக் கேட்டால், விட்டுவிடுங்கள். உங்களுக்கு நேரமும் மிச்சம், ஊருக்குச் சோறும் மிச்சம்.)

இரண்டாவது, பாதை. மெயின் ரோட்டுக்கும் நிலத்துக்கும் நடுவே மூன்றடி வாய்க்கால் ஓடினால், அது வரைபடத்தில் மெல்லிய கோடுதான். அதைக் கடந்து போக பாலம் கட்ட அனுமதி கிடைக்காவிட்டால் உங்கள் நிலம் தீவு. எஃப்.எம்.பி.யை மட்டும் பார்க்காமல் கிராம வரைபடத்தையும் எடுங்கள். வண்டிப்பாதை எங்கே முடிகிறது, ஓடை எங்கே குறுக்கிடுகிறது என்று ஸ்கெட்ச் பேனாவால் குறியுங்கள். பிறகு நேரில் நடந்து பாருங்கள். வரைபடத்தில் இருக்கும் ஓடை தரையில் இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். யாரோ தூர்த்திருக்கிறார், பெருமழைக்கு அது திரும்பி வரும்.

மூன்றாவது, 2023. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நெல்லை ஜங்ஷன் முழுகியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது. அதற்கப்புறம் சைட் பார்க்க வருபவரின் முதல் கேள்வி ரேட் அல்ல, "அந்த மழைக்கு இங்க தண்ணி எம்புட்டு நின்னுச்சு?" என்பதுதான். இதற்குப் பதில் உங்களிடம் போட்டோவோடு இருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக் காவலாளி, ஆடு மேய்ப்பவர், டீக்கடைக்காரர் மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மூவர் காட்டும் உயரமும் ஒத்துப்போனால் அதுதான் உங்கள் லெவல். ரோடு அதற்கு மேலே வர வேண்டும், செலவை இப்போதே எழுதுங்கள்.

"நம்ம புது பஸ் ஸ்டாண்டே வேய்ந்தான்குளத்துலதானே இருக்கு" என்று ஒருவர் வாதாடுவார். அரசு செய்ததை நீங்கள் செய்ய முடியாது. மாம்பலம் ஏரியை வடித்து தி.நகர் போட்ட காலமும் வேறு. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற தமிழ்நாட்டில் 2007இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

4. கணக்கு: மூன்று ஏக்கர் என்பது 192 சென்ட்

தொழிலுக்கு வருகிற பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். மூன்று ஏக்கர், 300 சென்ட். ரோட்டுக்கு 28 சதவீதம், 84 சென்ட் போனது. மீதி 216. பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால் ரோடு நீங்கலாக 10 சதவீதம் பூங்காவுக்கு ஓ.எஸ்.ஆர். எனும் திறந்தவெளி ஒதுக்கீடு; அது 22 சென்ட், உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம். மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் இன்னும் 2 சென்ட். விற்க மிஞ்சுவது சுமார் 192.

சென்ட் 2 லட்சம் என்று வாங்கினீர்கள் என்றால் 6 கோடி. விற்கும் சென்ட்டுக்கு அது 3 லட்சத்து 12 ஆயிரம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 54 லட்சம், சென்ட்டுக்கு 28 ஆயிரம். பணம் ஒன்றரை வட்டிக்கு எடுத்ததென்றால் மாதம் 9 லட்சம். அப்ரூவலும் விற்பனையும் 14 மாதம் இழுத்தால் 1 கோடியே 26 லட்சம், சென்ட்டுக்கு 65 ஆயிரம். ரோடு, பாலம், கரண்ட், விளம்பரம், கமிஷன் எதுவும் வராமலே அடக்கம் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு மாதத் தாமதமும் ஐந்து சென்ட் மனையில் 23 ஆயிரம் ரூபாயைத் தின்னும்.

இதனால்தான் முதல் ப்ராஜெக்டை முழுக் கிரயத்தில் செய்யாதீர்கள் என்கிறேன். நிலத்துக்காரரோடு ஜாயின்ட் டெவலப்மென்ட் போடுங்கள். அவருக்கு இத்தனை சதவீத மனை, உங்களுக்கு இத்தனை. லாபம் குறையும், ராத்திரி தூக்கம் வரும். ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். வெறும் பவர் பத்திரத்தை வைத்து "வாங்கியாச்சு" என்று நினைப்பவர்களுக்கு, பவர் உரிமையை மாற்றாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. நிலத்துக்காரரே இல்லாமல் போனால் பவரின் கதி என்ன என்று உங்கள் வக்கீலிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

5. அப்ரூவல்: குறுக்குவழி 2016லேயே மூடிவிட்டது

வெள்ளைப் பேப்பரில் கோடு போட்டு, பஞ்சாயத்துத் தலைவரிடம் சீல் வாங்கி விற்ற காலம் ஒன்று இருந்தது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. ஏகப்பட்ட ப்ரமோட்டர்கள் நடுரோட்டில் நின்றார்கள். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. அதுவும் 2016 அக்டோபர் 20க்கு முன்னால் விற்ற மனைகளுக்குத்தான். அன்று தப்பித்தவர்கள் அதற்கு முன்பே டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வாங்கி வைத்திருந்த, "இவன் ஏன்டே இவ்வளவு செலவழிக்கான்" என்று கிண்டலுக்கு ஆளான ஆட்கள்.

இப்போது அதன்மேல் ரெரா. 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 12 சென்ட்டைத் தாண்டினாலே பதிவு கட்டாயம். பதியாமல் விளம்பரம் கொடுத்தால் ப்ராஜெக்டின் மதிப்பிட்ட செலவில் 10 சதவீதம் வரை அபராதம். வாங்குபவரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் போக வேண்டும். வேலை முடிந்த அளவுக்கு இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் சான்று கொடுத்துத்தான் எடுக்க முடியும். இந்த லேஅவுட் பணத்தை எடுத்து அடுத்த நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் பழக்கத்தோடு வருபவர்களுக்கு மூச்சு முட்டும். சின்ன ஆளுக்கு இது நல்லதுதான். எஸ்க்ரோ எனும் அந்தத் தனிக் கணக்கை ஒழுங்காகப் பராமரித்த ஸ்டேட்மென்ட் இருந்தால் அடுத்த ப்ராஜெக்டுக்குப் பேங்க் மேனேஜர் நாற்காலி போடுவார்.

ஆபீஸ்களில் எப்படி நடந்துகொள்வது? ஃபைலை நீங்களே கொண்டுபோங்கள். மூன்று செட், எண் போட்ட பக்கங்கள், முதல் பக்கத்தில் ஒரு செக்-லிஸ்ட். ஒரு கேள்வி எழுந்தால் மறுநாள் காலையில் எழுத்தில் பதில். கிளார்க்கின் பெயரைத் தெரிந்து, மரியாதையாகக் கூப்பிடுங்கள். "இவன் ஃபைல்ல வேலை கம்மி" என்று மேஜைக்குப் பின்னால் இருப்பவர் நினைத்தால் அது முதலில் நகரும்.

6. விற்பது

விற்பனை பற்றித்தான் ஆயிரம் யூடியூப் வீடியோ இருக்கிறதே, நான் சுருக்கமாக முடிக்கிறேன். தென்கோடி அழகப்பபுரத்தில் இருந்து சென்னைக்குப் போன வி.ஜி. பன்னீர்தாஸும் தம்பிகளும் முதலில் விற்றது மனை அல்ல, கடிகாரமும் வீட்டுச் சாமானும், அதுவும் தவணையில். அந்தத் தவணை வசூல் பழக்கத்தைத்தான் பிறகு மனை விற்பனைக்குக் கொண்டுபோனார்கள். மொத்தமாகப் பணம் இல்லாதவரையும் வாடிக்கையாளராக்கியதுதான் வி.ஜி.பி.யின் பிசினஸ் மூளை. கிழக்குக் கடற்கரைச் சாலை கோல்டன் பீச்செல்லாம் அப்புறம் வந்தது.

இங்கே உங்கள் கஸ்டமர் யார்? மகேந்திரகிரியிலும் கூடங்குளத்திலும் வேலை பார்ப்பவர், பள்ளி ஆசிரியர், வளைகுடாவில் இருந்து மாதாமாதம் அனுப்புபவர், சென்னையில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. நால்வருக்கும் நாலு பேச்சு. வெளிநாட்டில் இருப்பவருக்கு வீடியோ காலில் எல்லைக்கல்லைக் காட்டுங்கள், பின்னணிப் பாட்டு வேண்டாம். ஆசிரியருக்கு லீகல் ஒப்பீனியன் காப்பியைக் கையில் கொடுங்கள், ராத்திரி உட்கார்ந்து வாசிப்பார். கடை அண்ணாச்சியிடம் பக்கத்தில் விற்ற ரேட்டைச் சொல்லுங்கள், மற்றதை அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். 10 லட்சத்துக்கு உட்பட்ட மனையைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. இதை எல்லோரிடமும் முதலிலேயே சொல்லுங்கள். டீலை முடிப்பது அனேகமாக வீட்டம்மாதான்.

அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், வருமான வரி நோட்டீஸ் வரும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதும் ரெராவில் குற்றம்.

7. நிலத்துக்காரரை விட்டுவிடாதீர்கள்

டி.எல்.எஃப். கே.பி. சிங்கின் கதையைத் தேடிப் படியுங்கள். 1957இல் டெல்லி வளர்ச்சி ஆணையம் வந்து தனியார் கம்பெனிகளுக்குக் கதவைச் சாத்தியது. மாமனார் தொடங்கிய கம்பெனியை அவர் குர்கானுக்கு நகர்த்தினார். கையில் பெரிய பணம் இல்லை. சின்னச் சின்ன விவசாயிகளின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, குடும்பம் குடும்பமாகப் பேசி, கடனாகவே நிலம் வாங்கினார். சொன்ன தேதியில் பணம் கொடுத்ததால்தான் அடுத்த வீட்டுக்காரரும் நம்பினார். 2007இல் அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபோது அன்றைக்கு இந்தியாவின் மிகப் பெரிய ஐ.பி.ஓ.க்களில் ஒன்று.

நெல்லையில் சொந்தபந்தம் அதைவிட நெருக்கம். ஒரு ஊரில் ஒருவருக்குச் சொன்ன தவணை தவறினால் அந்தத் தாலுகாவில் அடுத்த நிலம் கிடைக்காது. ஒழுங்காகக் கொடுத்தால் அவருடைய மச்சான் மூலமாக அடுத்த நிலம் தானாக வரும், புரோக்கர் கமிஷனும் மிச்சம். அவர் வீட்டு விசேஷத்துக்குப் போங்கள், மொய் எழுதுங்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

தோற்றம் பற்றி ஒரு வரி: காரை இ.எம்.ஐ.யில் எடுக்காதீர்கள். அந்த இ.எம்.ஐ. விற்பனை சோர்ந்த மாதத்தில் உங்களை ரேட் குறைக்க வைக்கும். சுத்தமான சட்டையும், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முந்தி வருவதும் போதும்.

8. கடைசி மனை

முக்கால்வாசி மனை விற்றதும் பல ப்ரமோட்டர்களுக்குச் சைட்டில் சுவாரசியம் போய்விடும். தெருவிளக்கு எரியாது, பூங்காவில் கருவேலம் முளைக்கும். வாங்கிய எழுபது பேரும் உங்கள் போனுக்கு அடித்துக்கொண்டே இருப்பார்கள். ரோடு, விளக்கு, பூங்கா மூன்றையும் உள்ளாட்சியிடம் ஒப்படைத்த கடிதத்தின் நகலை ஒவ்வொரு மனைக்காரருக்கும் வாட்ஸப்பில் அனுப்புங்கள். உங்கள் அடுத்த லேஅவுட்டின் விளம்பரச் செலவில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

பிறகு உங்கள் சம்பளம். மாதாமாதம் கம்பெனியில் இருந்து எடுக்காதீர்கள். வட்டிக் கடன் முழுக்க அடைந்த அன்று, அகலமான ரோட்டில் கிழக்கு பார்த்த கார்னர் மனை இரண்டை உங்கள் பெயரில் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கடன் அடையுமுன் ஒதுக்கினால் அது சம்பளம் இல்லை, இன்னொரு கடன். அடைந்த பிறகு, பக்கத்தில் முதல் வீடு கட்டிப் பால் காய்ச்சும் வரை அந்த இரண்டையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மாமா கேட்டாலும் சரி, வார்டு கவுன்சிலர் கேட்டாலும் சரி.